பெருகும் குடியும் பெருகா நிலமும்

ஒரு நாட்டின் செல்வம் நிலமா, நீரா, மக்களா என்று வினவினால், மூன்றுமே என்றுதான் எவரும் விடையிறுப்பர். ஆனால் அம்மூன்றனுள் நிலம் வளர்வதில்லை. நீர் ஆண்டுதோறும் வானத்தை நோக்கியிருப்பது. மக்கள்தொகையோ தலைமுறைக்குத் தலைமுறை மாறிக்கொண்டிருப்பது. மாறுகின்ற ஒன்றை மாறாத ஒன்றோடு பொருந்தச் செய்யும் முயற்சிக்கே பொருளாதாரக் கொள்கை என்று பெயர். பொருந்தினால் ஊர் செழிக்கும். பொருந்தாவிடின் அதே மக்கள் அதே நிலத்தில் வாடுவர். இதனை அறிந்துகொள்ளப் பெருநூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. கல்முனை தொட்டு அக்கரைப்பற்று வரை நீண்டு கிடக்கும் நமது கடற்கரையைக் கண்ணால் ஒருமுறை அளந்து பார்த்தாலே போதும்.

கிழக்கே கடல், மேற்கே வயல்வெளி, இரண்டுக்கும் நடுவே ஒடுங்கியதொரு மணல் நிலம். அந்த நிலத்தில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என்று ஊர்கள் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டு வரிசையாக நிற்கின்றன. 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்படி அம்பாறை மாவட்டம் முழுவதிலும் வாழ்ந்தோர் ஏறத்தாழ 6 இலட்சத்து 49 ஆயிரம் பேர். மாவட்டத்தின் பரப்போ 4,400 சதுர கிலோமீற்றருக்கு மேல். ஆனால் கல்முனை மாநகர எல்லைக்குள் மட்டும், சுமார் 23 சதுர கிலோமீற்றரில், ஏறத்தாழ ஓர் இலட்சம் பேர் வாழ்ந்தனர். மாவட்டத்தின் சராசரிப்படி ஒரு சதுர கிலோமீற்றருக்கு 150 பேர் அளவில் இருக்க, கல்முனையில் அதே பரப்பில் 4,000 பேருக்கு மேல் நெருங்கியிருந்தனர். ஒரே மாவட்டத்துக்குள் இத்துணை வேறுபாடு எவ்வாறு நேர்ந்தது? இவ்வினாவுக்கு விடை தேடுவதே இவ்வாரக் கட்டுரையின் நோக்கம்.

நுளம்பை வென்ற நாடு

1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையைத் தாக்கிய மலேரியாக் கொள்ளைநோயில் எண்பதாயிரம் பேரளவில் மாண்டனர். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1946இல், டீ.டீ.ரி. மருந்தை வீடு வீடாகத் தெளிக்கும் இயக்கம் நாடெங்கும் தொடங்கியது. 1946இல் ஆயிரத்துக்கு இருபதாக இருந்த இறப்பு வீதம், மறு ஆண்டே பதினான்குக்கு இறங்கிற்று. உலகில் வேறெங்கும் எளிதிற் காணாத வீழ்ச்சி அது. மருந்து ஒன்றே அதற்குக் காரணமன்று. இலவச மருத்துவமனைகளும், தாய் சேய் நிலையங்களும், கூப்பன் அரிசியும் சேர்ந்தே அந்த வெற்றியைத் தந்தன என்பதை ஆராய்ச்சியாளர் பலர் எடுத்துக்காட்டியுள்ளனர்.

இறப்புக் குறைந்தது, பிறப்பு முன்போலவே இருந்தது. விளைவு யாது? 1946இல் 66 இலட்சத்துச் சொச்சமாக இருந்த இலங்கையின் குடிசனம், 1963இல் ஒரு கோடியே ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. பதினேழு ஆண்டுகளில் ஏறத்தாழ அறுபது வீத வளர்ச்சி! அந்நாளில் பெற்றோர் பெற்ற பிள்ளைகள் முன்னைவிட மிகுதியல்லர். பெற்ற பிள்ளைகள் பிழைத்தார்கள், அவ்வளவே. குடிசனப் பெருக்கத்தை ஏதோ மக்களின் குற்றம்போலப் பேசுவோர் இந்த உண்மையை மறக்கலாகாது. அது முதலிற் சாவின்மீது கண்ட வெற்றி. பின்னரே சோற்றுக்கும் நிலத்துக்கும் உண்டான நெருக்கடி.

அந்நெருக்கடியின் வேகத்தை 1953ஆம் ஆண்டு காட்டியது. கூப்பனுக்குக் கொடுக்கும் அரிசியின் விலையைக் கொத்து ஒன்றுக்கு 25 சதத்திலிருந்து 70 சதமாக அரசாங்கம் உயர்த்தியபோது, அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆந் திகதி நாடு தழுவிய ஹர்த்தால் வெடித்தது. இரண்டு மாதங்களுக்குள் பிரதமர் டட்லி சேனநாயக்க பதவி துறந்தார். அரிசியின் விலை அரசாங்கத்தின் ஆயுளையே அளக்கும் கோலாகிவிட்டதை அரசியல்வாதிகள் அன்று உணர்ந்தனர்.

ஆற்றுக்கு இட்ட அணை

உண்ண அரிசி வேண்டும். விளைவிக்க நிலம் வேண்டும். இரண்டுக்கும் ஒரே விடையாக அன்றைய அரசாங்கம் கண்டது, காடு வெட்டிக் குளங் கட்டிக் குடியேற்றுவது. நாம் பட்டிப்பளை ஆறு என்று அழைக்கும் கல்லோயாவைத் தடுத்து, இங்கினியாகலையில் அணை கட்டும் வேலை அமெரிக்காவின் மொரிசன் நூட்சன் கம்பெனியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை சட்டப்படி தோன்றியது. அணைக்குப் பின்னே விரிந்த நீர்த்தேக்கத்துக்குச் சேனநாயக்க சமுத்திரம் என்று பெயரிட்டனர். சுதந்திர இலங்கையின் முதற் பெருந்திட்டம் நமது மாவட்டத்திலேயே உருவாயிற்று.

அதனால் விளைந்த நன்மை சிறிதன்று. மலேரியா மண்டிக் கிடந்த காடுகள் வயல்களாயின. கீழே கரையோரத்துப் பழைய வயல்களுக்கும் வாய்க்கால் நீர் கிட்டி, மாரிப் பயிரோடு நின்றிருந்த பல வட்டைகளிற் சிறுபோகமும் விளைந்தது. சம்மாந்துறையும் நிந்தவூரும் நெல்லுக்குப் பெயர்பெற்ற ஊர்களாக நிலைத்தன.

ஆயினும், ஒரு திட்டத்தை அதன் விளைச்சலால் மட்டும் அளத்தல் ஆகாது. நிலம் யார் கைக்குச் சென்றது என்பதாலும் அளக்கவேண்டும். மேற்பள்ளத்தாக்கிற் புதிதாகத் திறந்த குடியேற்றங்களிற் பெரும்பாலும் வேறு மாவட்டங்களிலிருந்து வந்த சிங்கள விவசாயக் குடும்பங்களே அமர்ந்தன. தமிழரும் முஸ்லிம்களும் பெற்ற இடங்கள் பெரும்பாலும் கீழ்ப்பகுதியில் அமைந்தன. 1956 ஜூன் மாதத்தில் அப்பள்ளத்தாக்கில் இனக்கலவரம் மூண்டு இரத்தம் சிந்தியது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பாகம் பிரிந்து அம்பாறை மாவட்டமாயிற்று. கரையோரத்திற் பெருகிய மக்களுக்கு உள்நாட்டுக் காணி போதிய அளவிற் கிட்டாமையே, இன்று நாம் காணும் நெருக்கத்தின் முதற் காரணம்.

இங்கே இன்னொரு செய்தியையும் மாணவர்கள் அறிதல் நன்று. 1981 முதலாகக் கல்லோயாவின் இடது கரையில் கமநல ஆராய்ச்சி, பயிற்சி நிலையமும், அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகமும் சேர்ந்து விவசாயிகளைச் சிறு சிறு குழுக்களாக அமைத்தன. அதுவரை வாய்க்காலின் தலைப்பில் உள்ளவர் வேண்டிய அளவு நீரை எடுப்பார், கடைமடைக்காரர் வாடுவார். குழுக்கள் அமைந்தபின், முறைவைத்து நீர் பங்கிடும் பழக்கம் வந்தது. மேல்மடைச் சிங்கள விவசாயிகள் சிக்கனமாக நீர் பாய்ச்சி, மிஞ்சியதைக் கீழ்மடைத் தமிழ் விவசாயிகளுக்கு விட்டனர். அணையும் மாறவில்லை, ஆறும் மாறவில்லை. மனிதர் தமக்குள் செய்துகொண்ட ஏற்பாடே மாறியது. ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். ஆற்றிலிருந்து எடுப்பதையும் அளந்து எடுத்தால் எல்லோருக்கும் போதும் என்பதை அவர்கள் காட்டினர்.

வளவின் கணக்கு

நிலநெருக்கடியை நமது வீடுகளுக்குள் கொண்டுவருவது பெண்பிள்ளைக்கு வீடு கொடுக்கும் வழக்கம். இக்கரையோரத்தில் முஸ்லிம்களும் தமிழரும் தொன்றுதொட்டு மகளுக்கு மணம் முடிக்கும்போது வீட்டைச் சீதனமாகக் கொடுத்து, மருமகனை அவ்வீட்டுக்கு அழைத்துக்கொள்கின்றனர். பெண்ணுக்குத் தலைக்கு மேல் ஒரு கூரை உரிமையாவது இவ்வழக்கத்தின் பெருமை. ஆனால் கணக்கைப் பாருங்கள்.

மூத்தம்மாவுக்கு நாற்பது பேர்ச்சஸ் வளவு இருந்ததென்று கொள்வோம். அவருக்கு நான்கு பெண்மக்கள். ஆளுக்குப் பத்துப் பேர்ச்சஸ். ஒவ்வொருவருக்கும் நான்கு பெண்மக்கள் என்றால், பேத்திமாருக்குக் கிடைப்பது இரண்டரைப் பேர்ச்சஸ். அதில் வீட்டை வைத்தால் கிணறு எங்கே? கிணற்றை வைத்தால் மலகூடம் எங்கே? இரண்டையும் வைத்தால் ஒன்றின் நஞ்சு மற்றதில் ஊறாதா? தென்னையும் முருங்கையும் நின்ற வளவுகள் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகளாயின. மிஞ்சியோர் கிழக்கே கடலோரத்தை நாடினர். பிறர் மேற்கே வயலை மண்ணிட்டு நிரப்பினர். வயலை நிரப்பினால் மாரிவெள்ளம் போக வழியின்றி ஊருக்குள் நிற்கும் என்பதை ஒவ்வொரு மழைக்காலமும் நினைவூட்டுகிறது. நெற்காணியை அனுமதியின்றி நிரப்பலாகாதெனக் கமநல அபிவிருத்திச் சட்டம் தடுக்கிறது. ஆனால் மகளுக்கு வீடில்லாமல் தவிக்கும் வாப்பாவுக்கு வேறு வழி காட்டாத சட்டம் ஏட்டளவிலேயே நிற்கும்.

2004 டிசம்பர் 26ஆந் திகதிக் கடல்கோளில் இலங்கையின் எல்லா மாவட்டங்களிலும் அம்பாறை மாவட்டமே மிகுதியான உயிர்களை இழந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மருதமுனையிலும் சாய்ந்தமருதிலும் கடலோரத் தெருக்கள் தெருக்களாகவே அழிந்தன. கடல் பொங்கியது இயற்கையின் செயல். அக்கடலின் வாயிலில் அத்தனை குடும்பங்கள் நெருங்கியிருந்ததற்கோ, தலைமுறை தலைமுறையாக நிலம் கிட்டாமை பெருங்காரணம். காணிக் கொள்கை மக்களின் உயிரையே தொடும் விஷயம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆபிரிக்காவில் இரு அயலவர்

நமது கதையை வேறு நாடுகளின் கதையோடு ஒப்பிட்டால் உண்மை மேலும் துலங்கும். கிழக்கு ஆபிரிக்காவில் கென்யா, தன்சானியா என்னும் இரண்டு நாடுகள் அடுத்தடுத்து உள்ளன. இரண்டும் பிரித்தானிய ஆட்சியின்கீழ் இருந்தவை. கிளிமஞ்சாரோ மலையின் அடிவாரத்தில் எல்லை பகிர்பவை. குடிசனத்திலும் ஏறத்தாழச் சமமாகவே புறப்பட்டன. 1967இல் தன்சானியாவின் மக்கள்தொகை ஒரு கோடி 23 இலட்சம். 1969இல் கென்யாவினது ஒரு கோடி 9 இலட்சம்.

1967இல் இரண்டு நாடுகளும் தத்தம் பாதையை வகுத்தன. அவ்வாண்டு பெப்ரவரியில் தன்சானியாவின் ஜனாதிபதி ஜூலியஸ் நியரேரே அருஷாப் பிரகடனத்தை வெளியிட்டு, கூட்டுறவுக் கிராமங்களே நாட்டின் எதிர்காலம் என்றார். அதே ஆண்டில் கென்யா தேசியக் குடும்பத் திட்டத்தைத் தொடங்கிற்று. சகாராவுக்குத் தெற்கே அதனைத் தொடங்கிய முதல் நாடு அதுவே. ஒன்று நிலத்தைத் திருத்தி அமைக்கப் புறப்பட்டது. மற்றது பிறப்பைத் திட்டமிடப் புறப்பட்டது.

இரண்டும் எண்ணியபடி நடந்தனவா? இல்லை. கென்யாவிற் திட்டம் காகிதத்தில் இருந்தும், 1970களின் இறுதியில் ஒரு பெண்ணுக்குச் சராசரி எட்டுப் பிள்ளைகள் பிறந்தன. உலகிலேயே மிக உயர்ந்த அளவுகளுள் அஃது ஒன்று. சிசுமரணம் குறைந்து, பெண்கள் பள்ளிக்குச் சென்று, சுகாதார ஊழியர் கிராமத்துக் குடிசை வரை வந்தபின்னரே, 1980களிலிருந்து அவ்வெண் இறங்கத் தொடங்கியது. 2022இல் அது 3.4. தன்சானியாவோ கிராமங்களுக்குப் பள்ளியும் மருந்தகமும் கொண்டுசெல்வதில் முதலில் முன்னேறியது. ஆனால் 1970களின் நடுப்பகுதியில் விவசாயிகளை வற்புறுத்தி இடம்பெயர்த்து, விளைபொருளின் விலையையும் அரசே நிர்ணயித்ததால், உழவர் ஊக்கமிழந்தனர். வறட்சியும் சேர்ந்துகொள்ள, தானியத்தை வெளிநாட்டிலிருந்து வாங்க நேர்ந்தது. குடிசனக் கொள்கையை அந்நாடு 1992இலேயே வகுத்தது. 2022இல் அங்கே ஒரு பெண்ணுக்குச் சராசரி 4.8 பிள்ளைகள். அன்று ஏறத்தாழச் சமமாக நின்றவை இன்று சமமாக இல்லை. 2019இல் கென்யாவின் மக்கள் 4 கோடி 76 இலட்சம். 2022இல் தன்சானியாவின் மக்கள் 6 கோடி 17 இலட்சம்.

அப்படியானால் கென்யா வென்றது, தன்சானியா தோற்றது என்று முடிவு கட்டிவிடலாமா? அதுவும் பிழை. சுவாஹிலி என்னும் பொதுமொழியாலும் பொதுக்கல்வியாலும் தன்சானியா தன் பற்பல இனங்களை ஒரு குடும்பமாக இணைத்தது. கென்யாவிலோ நிலம் சிலர் கையிற் குவிந்த மனக்குறை ஆறாமல் கனன்று, 2007ஆம் ஆண்டுத் தேர்தலை ஒட்டி எழுந்த வன்செயலுக்கு எண்ணெய் வார்த்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். எனவே, பிறப்பை மட்டும் எண்ணும் கொள்கையும் போதாது. நிலத்தை மட்டும் பங்கிடும் கொள்கையும் போதாது. பிள்ளை பிழைக்கவேண்டும், பெண் கற்கவேண்டும், உழவனுக்கு விலை கிடைக்கவேண்டும், நிலம் நியாயமாகச் சேரவேண்டும். இந்நான்கில் ஒன்று குறைந்தாலும் மற்றவை நொண்டியாகும்.

நம்மூரின் திருப்பம்

இலங்கை இந்நான்கிற் சிலவற்றை முந்திச் செய்தது. 1945இல் கலாநிதி கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி வந்தது. 1946இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 140 பேரளவில் ஓர் ஆண்டு நிறையுமுன் இறந்தனர். பிற்காலத்தில் அது பத்துக்குக் கீழே இறங்கிற்று. பெண்கள் படித்தனர், திருமண வயது உயர்ந்தது, 1990களின் நடுப்பகுதியில் நாட்டின் பிறப்பு வீதம், ஒரு தலைமுறை தன்னைத் தானே ஈடுசெய்யும் அளவுக்கு வந்துவிட்டது. செல்வம் பெருகுமுன்னரே ஒரு நாடு இந்த நிலையை எய்தியதைக் கண்டு உலகம் வியந்தது.

ஆனால் தொழிலைப் பெருக்குவதில் நாம் அத்துணை வெற்றி பெற்றோமில்லை. இறக்குமதிக்குக் கடுங்கட்டுப்பாடு இருந்த காலத்தில் மருதமுனைக் கைத்தறிக்கு நல்ல சந்தை இருந்தது. அதே காலத்தில் மக்கள் அரிசிக்கும் துணிக்கும் வரிசையில் நின்றனர். 1977இல் திறந்த பொருளாதாரம் வந்தது, வரிசைகள் மறைந்தன. ஆனால் வெளிநாட்டுத் துணியோடும் விசைத்தறியோடும் போட்டியிட இயலாமற் பல தறிகள் ஓய்ந்தன. 1983 முதல் 2009 வரை நீடித்த போரில் உள்நாட்டு வயல்களுக்குச் செல்ல அஞ்சிப் பலர் காணியைத் தரிசாக விட்டனர். படித்த இளைஞருக்கு எஞ்சியது வளைகுடா நாட்டுக்குக் கப்பலேறுவதும் விமானமேறுவதும். இன்று நம் தெருக்களில் எழும் மாடிவீடுகளிற் பல, பாலைவன வெயிலில் உழைத்த தமையன்மார் தங்கைமாருக்குக் கட்டிக்கொடுத்தவை. அந்த வீட்டின் விலையில், பிள்ளையின் முகம் பாராமற் கழிந்த ஆண்டுகளையும் சேர்த்துத்தான் எண்ணவேண்டும்.

2021இல் இரசாயன உர இறக்குமதி ஒரே நாளிற் தடைசெய்யப்பட்டபோது, நமது நெல்வயல்கள் ஒரு கொள்கைத் தவறின் விலையைக் கண்கூடாகக் கண்டன. தடை நவம்பரில் நீங்கியும், அந்தப் பெரும்போகத்தின் விளைச்சல் பெரிதும் வீழ்ந்தது. 2022 ஏப்ரல் 12ஆந் திகதி நாடு தன் வெளிநாட்டுக் கடனைச் செலுத்த இயலாதென அறிவித்தது. அவ்வாண்டு மட்டும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலை தேடிக் கடல்கடந்தனர்.

இப்போது குடிசனக் கணக்கும் தலைகீழாகத் திரும்பியுள்ளது. 2019இல் நாட்டிற் பிறந்த குழந்தைகள் ஏறத்தாழ 3 இலட்சத்து 19 ஆயிரம்; 2023இல் 2 இலட்சத்து 48 ஆயிரம் அளவே. அறுபது வயது கடந்தோர் 2012இலேயே நூற்றுக்குப் பன்னிரண்டு பேருக்கு மேல். நேற்று வரை, இத்தனை பிள்ளைகளுக்கு எங்கே நிலம் என்று கவலைப்பட்டோம். நாளை, இத்தனை முதியோருக்கு யார் துணை என்று கவலைப்பட வேண்டியிருக்கும்.

நாம் செய்யக்கூடியவை

அரசாங்கத்தின் கொள்கை கொழும்பிற் பிறப்பதாயினும், அது வாழ்வது நமது வளவிலும் வயலிலும்தான். ஆகவே நாமும் சிலவற்றைச் சிந்திக்கலாம். ஒரு வளவை நான்காகத் துண்டாடுவதற்குப் பதில், ஒரே அத்திவாரத்தின்மேல் மாடிகளாகக் கட்டி, ஒவ்வொரு மகளுக்கும் ஒவ்வொரு தளத்தை உறுதியெழுதிக் கொடுத்தல் ஆகாதா? ஊருக்குப் பொதுவான வடிகாலையும் கழிவுநீர் ஏற்பாட்டையும், தேர்தற் காலத்து வாக்குறுதியாக விடாமல், எக்காலத்தும் கேட்டுப் பெறுதல் ஆகாதா? நெல்லை நெல்லாக விற்பதோடு நில்லாமல், அரிசியாகவும் மாவாகவும் பொதிசெய்து விற்றால், ஊரில் எத்தனை கைகளுக்கு வேலை கிட்டும்! ஒலுவிலில் அமைந்த தென்கிழக்குப் பல்கலைக்கழகம் நம் வாசலிலேயே இருக்கிறது. அதன் மாணவர்கள் தம் ஊரின் நிலத்தையும் நீரையும் ஆராய்ந்து அளந்து எழுதினால், அவ்வேடுகள் பட்டத்துக்கு மட்டுமன்றி ஊருக்கும் பயன்படும்.

சீதனம் என்னும் சுமையைப் பற்றியும் ஒரு சொல். பெண்ணுக்கு வீட்டுரிமை இருப்பது நன்று. அந்த வீட்டுக்காகவே அவளது தந்தையும் தமையனும் கடனாளியாவது நன்றன்று. மணமகனும் தன் உழைப்பிற் பாதியை அவ்வீட்டுக்கு இடட்டும். அவ்வாறு இருவீட்டாரும் சேர்ந்து கட்டும் வீட்டிற் பெண்ணின் உரிமையும் குறையாது, ஒருவர் தோளிற் சுமையும் ஏறாது.

மக்கள் மிகுந்தால் நாடு கெடும் என்றும், மக்கள் மிகுந்தால் நாடு வலுக்கும் என்றும் இருவகையாகப் பேசுவோர் உண்டு. நமது கரையோரமும், கிளிமஞ்சாரோ அடிவாரத்து இரு நாடுகளும், அவ்விரு பேச்சும் அரைகுறை என்றே காட்டுகின்றன. பிறக்கும் ஒவ்வொரு பிள்ளையும் ஒரு வாயோடு இரண்டு கைகளையும் கொண்டே வருகிறது. வாய்க்குச் சோறு தேடுவது குடும்பத்தின் கடன். அக்கைகளுக்குக் கல்வியும் தொழிலும் ஊன்றி நிற்க ஒரு சாண் நிலமும் தேடித்தருவது நாட்டின் கடன். இரண்டாவது கடன் தீர்க்கப்படுகிறதா என்று கேட்கும் உரிமை, வாக்குச் சீட்டை ஏந்தும் ஒவ்வொருவருக்கும் உண்டு. அவ்வுரிமையை நாம் மறவாதிருப்போமாக.